இடைவேளை தாண்டிய சாட்சி

1

எங்கள் வீட்டில் சனிக்கிழமை சாயங்காலம் நீதி கிடைக்கும். மற்ற நாட்களில் எனக்குப் பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை, வீட்டுக்காரர் பாஸ்கருக்குக் கிடங்கில் வேலை, மகள் யாழினிக்குப் படிப்பு. சனிக்கிழமையானால் மூன்று பேரும் சோபாவில் உட்கார்ந்து, ஊழல் மந்திரி, நேர்மையான கலெக்டர், கேஸே கிடைக்காத ஏழை வக்கீல் என்று ஏதாவது ஒரு தமிழ்ப் படம் போடுவோம். காதல் படம், பேய்ப் படம் எல்லாம் பாஸ்கருக்கு ஆகாது. வெள்ளை வேட்டி ஒன்று காரை விட்டு இறங்க வேண்டும், பின்னாலேயே பத்துப் பேர் ஓடி வர வேண்டும். அப்போதுதான் அவர் பக்கோடாத் தட்டை மடிக்கு மாற்றுவார்.

கொஞ்ச நாளைக்கு முன்னால் அப்படி ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தது. கவுன்சிலர் ஒருவர் புல்டோசரைக் கூட்டி வந்து ஒரு வாத்தியார் வீட்டை இடித்துக்கொண்டிருக்கிறார். அந்த நேரம் பார்த்து வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்தால், மழைக் கோட்டும் சைக்கிள் ஹெல்மெட்டுமாக வயதான வெள்ளைக்கார அம்மா ஒருவர் நிற்கிறார். இந்த வார்டின் கவுன்சிலராம். குப்பை வண்டி தாமதமாக வருகிறதல்லவா, அதற்கு வருத்தம் சொல்ல வீடு வீடாக வந்துகொண்டிருக்கிறாராம்.

நான் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பிறந்து வளர்ந்தவள். கவுன்சிலர் என்ற சொல் காதில் விழுந்ததும் கை தானாகக் கூப்பிக்கொண்டது. இங்கிலாந்தில் இந்த லெஸ்டருக்கு வந்து இத்தனை வருடம் ஆகியும் அந்தக் கைக்கு மட்டும் யாரும் குடியுரிமை கொடுக்கவில்லை. உள்ளே வாருங்கள், காபி குடியுங்கள், குப்பையெல்லாம் ஒரு விஷயமே இல்லை, நாங்கள் வேண்டுமானால் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்கிறோம் என்று ஆங்கிலத்தில் கெஞ்சினேன். அந்த அம்மா பயந்துபோய், சைக்கிளைப் பூட்டவில்லை என்று சொல்லி இரண்டடி பின்னால் நகர்ந்தார். யாழினி சோபாவில் இருந்த குஷனை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

கதவைச் சாத்திவிட்டு வந்ததும் பாஸ்கர் ரிமோட்டைக் கீழே வைத்தார். அவர் சின்ன காஞ்சிபுரத்துக்காரர். எங்கள் தெருவில் எல்லாரையும் நம்புவோம், அவர்கள் தெருவில் பிரசாதத்தையே மோந்து பார்த்துத்தான் வாயில் போடுவார்கள்.

"நம்பாத அமுதா. இவ்ளோ நல்லவங்களா இருந்தா பின்னால ஏதோ இருக்குது. இடைவேளைக்கு அப்புறந்தான் தெரியும்."

"அப்பா, ஷி இஸ் எ ரிட்டயர்டு டீச்சர்," என்றாள் யாழினி.

"அதான் சொல்றேன். படத்துல முதல்ல எல்லாரும் டீச்சராத்தான் இருப்பாங்க."

அன்றைய படத்தில் கடைசியில் ஒரு பூக்காரி கோர்ட்டுக்கு வந்தாள். முன்னால் உட்கார்ந்திருந்த கவுன்சிலரை நேராகக் கையை நீட்டிக் காட்டி, "இவர்தான்" என்றாள். பின்னணியில் மேளம் பிய்த்துக்கொண்டு போனது. நான் எழுந்து நின்று கைதட்டினேன். என்ன செய்வது, என் பழக்கம் அது.

2

அந்தப் பழக்கம் அமாவாசையில் வந்தது. எங்கள் பக்கம் அமாவாசையன்று தறி ஓடாது, நெசவுக்காரர்களுக்கு அதுதான் லீவு. அப்பா தலைக்குக் குளித்து, படையல் போட்டுச் சாப்பிட்டு முடித்ததும் என்னையும் தம்பி சேகரையும் மேட்னிக்குக் கூட்டிப்போவார். அவருக்கும் கோர்ட்டுப் படம்தான் பிடிக்கும். வாழ்நாளில் ஒருமுறைகூடக் கோர்ட்டு வாசலை மிதிக்காத மனுஷன், தியேட்டரில் உட்கார்ந்துகொண்டு "இது செல்லாதுப்பா, அப்ஜெக்சன் பண்ணு" என்று வக்கீலுக்கு எடுத்துக் கொடுப்பார்.

வீட்டுக்கு வந்ததும் எங்களுக்குக் கோர்ட்டு விளையாட்டு. எங்களுடையது குழித்தறி. நெய்கிறவர் காலைத் தொங்கவிட்டு உட்காரத் தரையில் பள்ளம் இருக்கும். லீவு நாளில் சேகர் அதற்குள் இறங்கி நின்றால் நெஞ்சு வரைக்கும் மறைந்துவிடுவான். சாட்சிக் கூண்டு தயார். நீதிபதி, வக்கீல், எதிர்த்தரப்பு வக்கீல் எல்லாம் நானே. பூரிக்கட்டையால் தரையைத் தட்டி "ஆர்டர் ஆர்டர்" என்பேன். நிஜக் கோர்ட்டில் யாரும் எதையும் தட்டுவதில்லை என்று தெரிந்தபோது எனக்குக் கல்யாணமே ஆகிவிட்டது.

சேகர் எப்போதும் சாட்சிதான். கேட்டு வாங்கிக்கொள்வான். சாட்சி என்றால் இடைவேளைக்குள் செத்துவிடலாம் அல்லவா, அதில்தான் அவனுக்கு ஆசை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, நாக்கைத் துருத்தி, "உண்மை... உண்மை..." என்று இழுத்து இழுத்துச் சாவான். அவன் செத்து முடிப்பதற்குள் அம்மா சோறு வடித்து, குழம்பும் இறக்கியிருப்பார்.

அவன் இப்போது நாற்பதைத் தாண்டியவன். தறியில் உட்காரவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் பிளெக்ஸ் பேனர் அடிக்கும் கடை வைத்திருக்கிறான். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி எல்லாம் உண்டு. ஆனால் கடையைத் தாங்கிப் பிடித்திருந்தது எங்கள் வார்டு கவுன்சிலர்தான். அவருக்குப் பிறந்தநாள், அவர் தலைவருக்குப் பிறந்தநாள், அவர் மகன் பிளஸ் டூ பாஸ் செய்த நாள், எல்லாவற்றுக்கும் பேனர். 'ஏழைகளின் ஏணியே', 'நீதியின் நிழலே' என்கிற பட்டமெல்லாம் சேகர் யோசித்துப் போட்டவை. கவுன்சிலருக்கே தாம் நிழல் என்பது பேனரைப் பார்த்துத்தான் தெரியும்.

3

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. தறியில் ஏற்றுவதற்கு முன்னால் பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துப் பிடித்து, கஞ்சி தெளித்து, சிக்கு நீவுவார்கள். அதற்குப் பாவு என்று பெயர். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும் என்பதால், யார் வீட்டுப் பாவாக இருந்தாலும் தெருவில் இருக்கிறவர்கள் வந்து ஒரு கை பிடிப்பார்கள். பாவு நீட்டியிருந்தால் வண்டி நிற்கும், அவசரம் என்றால் சுற்றிக்கொண்டு போகும். கல்யாண மாப்பிள்ளையின் காரே நின்றிருக்கிறது. மாப்பிள்ளை இறங்கி வந்து பாவு பிடித்த கதையும் உண்டு.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு காலை, எதிர்வீட்டு ஏகாம்பரம் அண்ணனின் பாவு. சேகர் கடை திறப்பதற்கு முன்னால் வந்து, தெருமுனையில் பாவின் கோலைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஏகாம்பரம் அண்ணன் குனிந்து இழை நீவிக்கொண்டிருந்தார். அப்போது கவுன்சிலரின் கார் வந்தது. கவுன்சிலரே ஓட்டி வந்தார். ஹாரன் அடித்தார். இரண்டு நிமிஷம் என்று கையைக் காட்டியிருக்கிறார்கள். கார் நிற்கவில்லை. பாவை அறுத்துக்கொண்டு வந்து ஏகாம்பரம் அண்ணனின் காலில் ஏறிவிட்டது.

அவர் இன்றைக்கும் அந்தக் காலை இழுத்துத்தான் நடக்கிறார். தறி மிதிக்க முடியவில்லை.

தெருவே ரோட்டில் உட்கார்ந்தது. போலீஸ் வேறு வழியில்லாமல் கவுன்சிலர் பெயரை எழுதியது. ஐந்து பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். பிறகு ஒரு டிரைவர் முளைத்தான். அன்றைக்கு வண்டி ஓட்டியது நான்தான், ஐயா காரிலேயே இல்லை என்றான். போனில் இதைக் கேட்டதும் பாஸ்கர், "வந்துட்டானா? லேட்டா வந்துருக்கான்" என்றார்.

வழக்கு கோர்ட்டுக்கு வந்தது. வந்தது என்றால் வந்து உட்கார்ந்தது. சினிமாவில் ஒரு பாட்டுக்குள் விசாரணை முடிந்து தீர்ப்பு வந்துவிடும். எங்கள் ஊரில் வாய்தாவுக்கு மேல் வாய்தா. ஒரு நாள் மாஜிஸ்திரேட் லீவு, ஒரு நாள் வக்கீல்கள் போராட்டம், ஒரு நாள் எல்லாரும் வந்துவிட்டார்கள், கரண்டு வரவில்லை. ஒவ்வொரு தடவையும் சேகர் கடையைச் சாத்திவிட்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போய் வேப்பமரத்தடியில் நின்றுவிட்டு வருவான். அங்கே சாட்சிகளுக்கு டீ வாங்கிக் கொடுப்பது யார் என்கிறீர்கள்? எதிர்த்தரப்பு வக்கீலின் குமாஸ்தாதான். நல்ல மனுஷன், சர்க்கரை கம்மியா ஜாஸ்தியா என்றுகூடக் கேட்பாராம்.

அந்த டீயில் என்ன இருந்ததோ, சாட்சிகள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். ஒருவருக்கு அன்றைக்குக் கண்ணில் தூசு. ஒருவர் வந்தவாசியில் மாமியார் வீட்டில் இருந்தாராம். இன்னொருவர் பாவைப் பார்த்தேன், காரைப் பார்க்கவில்லை என்றார். நான்காமவர் கூண்டில் ஏறி, கவுன்சிலருக்கு வணக்கம் சொல்லிவிட்டு இறங்கினார். ஏகாம்பரம் அண்ணன் குனிந்திருந்ததால் ஓட்டியவர் முகத்தைப் பார்க்கவில்லை. மிச்சம் இருந்தது என் தம்பி மட்டும்.

4

எனக்குத் தூக்கம் போனது இங்கேதான். எனக்குத் தெரிந்த சாட்சிகள் எல்லாரும் சினிமாவில் செத்தவர்கள். ஸ்கூட்டரில் போகும்போது லாரி வரும், அல்லது மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது யாரோ பின்னால் வருவார்கள். நான் சேகரைக் கூப்பிட்டு, ஸ்கூட்டரை விற்றுவிடு, மாடிக்குப் போகாதே என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

"லாரி வருமான்னு நானும் ரெண்டு நாளா ரோட்டப் பாத்துக்கினு இருந்தேன்கா," என்றான் ஒருநாள். "லாரி வர்ல. ஆர்டர் வந்துச்சு."

கவுன்சிலர் தனியாகத்தான் கடைக்கு வந்தாராம். அடியாள் யாரும் இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, சேகரின் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று விசாரித்தாராம். மகளுக்குக் கல்யாணம், ஊர் முழுக்க பேனர் வைக்க வேண்டும், எல்லாம் நீதான் அடிக்கணும் என்றாராம். எழுந்து போகும்போது சொன்னதுதான் விஷயம்.

"பொய் சொல்ல வேணாம்பா சேகரு. பாத்தேன்னு சொல்லாத, பாத்த மாதிரி இருந்துச்சுன்னு சொல்லு. அவ்ளோதான். உனக்கும் பாவமில்ல, எனக்கும் பாவமில்ல."

எனக்கு அதைக் கேட்டதும் அப்பாடா என்று இருந்தது. மறைப்பானேன், கவுன்சிலர் மேல் ஒரு மரியாதைகூட வந்தது.

"சரியாத்தானடா சொல்றாரு," என்றேன். "பொய் இல்லையே. மாதிரின்னு ஒரு வார்த்தை சேத்துக்கோ. உனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க இருக்குது. கடை இருக்குது. நீ ஒருத்தன் சொல்லித்தான் நாட்ல நீதி நிக்கப்போவுதா?"

"ஏகாம்பரம் அண்ணன் டெய்லி எதுருல உக்காந்துக்கினு இருக்காருக்கா."

"அவருக்கு ஏதாச்சும் நாங்க பண்றோம். நீ ஊர் வம்ப விலைக்கு வாங்காத."

அதோடு நான் விடவில்லை. அப்பா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் தெரியுமா என்று ஆரம்பித்தேன். அப்பா என்ன சொல்லியிருப்பார் என்று எனக்கு நன்றாகத் தெரியும், ஆகவே அந்த வாக்கியத்தை முடிக்காமல் விட்டேன். கடைசியில், "நான் யோசிக்கிறேன்கா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான். எனக்கு வெற்றி என்று நினைத்துக்கொண்டு திரும்பினால், சமையலறை வாசலில் யாழினி நிற்கிறாள். கையில் கார்ன்ஃபிளேக்ஸ் கிண்ணம்.

இவளுக்குத் தமிழ் அரைகுறை. ஊரில் இருந்து யாராவது கூப்பிட்டால் "நல்லா இருக்கேன், சாப்பிட்டேன், எக்ஸாம் இருக்கு" என்று மூன்று வாக்கியம் சொல்லிவிட்டு ஓடிவிடுவாள். எனக்குத் தேவைப்படும்போது எதுவும் புரியாது. அன்றைக்குப் பார்த்து எல்லாம் புரிந்துவிட்டது.

"அம்மா, அந்த பூக்கார லேடிக்கு நீ ஸ்டாண்ட் அப் பண்ணி கிளாப் பண்ண."

"அது படம்டி."

"ஷேகர் மாமாவும் அதேதான பண்றாங்க?"

"பூக்காரி என் தம்பியா? அவளுக்கு ஒண்ணு ஆனா நான் சேனலை மாத்திடுவேன். இவனுக்கு ஒண்ணு ஆனா?" என்று கத்தினேன். யாழினி கிண்ணத்தை வைத்துவிட்டு, "எனக்கும் பயமா இருக்கு. பட் மாமா இஸ் ரைட்" என்றாள். இங்கே பிறந்த பிள்ளைக்கு மாமா என்றால் போனில் வரும் ஒரு முகம்தான் என்று நினைத்திருந்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். பாஸ்கர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, அந்த வார சனிக்கிழமைக்குச் சமையல் நிகழ்ச்சி போட்டார்.

5

சாட்சி சொல்லும் நாள் ஒருவழியாக வந்தது. அன்றைக்கு வேலை நேரத்தில் போனைக் கையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்று தலைமையாசிரியரிடம் போய்ச் சொன்னேன். தம்பி கோர்ட்டில் சாட்சி சொல்கிறான் என்றேன். "ஓ, ஹவ் லவ்லி" என்றார். குத்தம் சொல்ல முடியாது. இந்த ஊரில் சாட்சி என்றால் தனி அறை, பிஸ்கட், பக்கத்தில் உட்கார்ந்து பயப்படாதீர்கள் என்று சொல்ல ஓர் ஆள், பஸ் டிக்கெட் காசு எல்லாம் உண்டாம். போன வருடம் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் போய்வந்து, பிஸ்கட் நமுத்துப்போயிருந்தது என்று புகார் சொன்னார். எனக்கு அவரைக் காஞ்சிபுரம் வேப்பமரத்தடியில் ஒரு நாள் நிற்கவைத்துப் பார்க்க வேண்டும் போல இருந்தது.

மணி அடித்து, பிள்ளைகள் வகுப்புக்குப் போய், தாமதமாக வந்த இரண்டு பேருக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. காகிதம் அடுக்கி வைக்கும் சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

"முடிஞ்சிடுச்சுக்கா," என்றான் சேகர். பின்னால் டீக்கடைச் சத்தம், பஸ் ஹாரன்.

"இன்னா சொன்ன?"

"பாத்தேன்னு சொன்னேன்."

காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்தேன். கல்யாண பேனர் என்ன ஆச்சு என்று கேட்டேன். ஆர்டரை மூன்று நாள் முன்னாலேயே திருப்பிக் கொடுத்துவிட்டானாம். அக்காவிடம் சொன்னால் கத்துவாள் என்று சொல்லவில்லையாம்.

பிறகு நடந்ததை ஒவ்வொன்றாகச் சொன்னான். கவுன்சிலர் முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எதிர்த்தரப்பு வக்கீல், அவ்வளவு தூரத்தில், கார்க் கண்ணாடிக்குள் இருந்த முகம் எப்படித் தெரிந்தது, பார்த்த மாதிரி இருந்ததா, நிச்சயமாகப் பார்த்தீர்களா என்று கேட்டார்.

"நான் இன்னா சொல்றதுக்கா? அவருக்கு பேனர் அடிக்கிறவனே நான்தாங்கய்யான்னேன். எத்தினி வருசமா அந்த மொகத்த நான்தான் கட் பண்ணி ஒட்றேன், தொங்குற தாடைய நான்தான் கொறைக்கிறேன், கன்னத்து மருவ நான்தான் எடுக்குறேன், அன்னிக்கி கார்ல மருவோட இருந்தாருங்கய்யான்னேன்."

"அய்யோ. இதெல்லாமாடா கோர்ட்ல சொன்ன?"

"வேற இன்னா சொல்லுவேன், எனக்குத் தெரிஞ்சது அதான? எல்லாரும் சிரிச்சுட்டாங்க. டைப் அடிக்கிற அம்மா கூட சிரிச்சாங்க. கவுன்சிலரு கைய எடுத்து கன்னத்துல வெச்சுக்கினாரு."

ஆனால் சிரித்ததோடு முடியவில்லை. வக்கீல் அதையே பிடித்துக்கொண்டாராம். பேனர் ஆர்டர் கைவிட்டுப் போன ஆத்திரத்தில் பொய் சொல்கிறாய் என்று திருப்பித் திருப்பிக் கேட்டாராம். இல்லீங்கய்யா, இல்லீங்கய்யா என்று சொன்னதைத் தவிர இவன் வேறு எதுவும் சொல்லவில்லை. கடைசியில் மாஜிஸ்திரேட், வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். சின்ன வயதில் இருந்து இவன் வசனம் பேசி நான் கேட்காத நாள் கிடையாது. தலைவர்களுக்கே பட்டம் எழுதிக் கொடுத்தவன். வசனம் எதையாவது எடுத்து விட்டிருப்பானோ என்று தோன்றியது.

"அப்ப இன்னாடா சொன்ன?"

"ஒண்ணும் இல்லீங்கய்யா, பாத்தது அவ்ளோதான்னேன். எறங்குன்னாங்க, எறங்கிட்டேன்."

தீர்ப்பு எப்போது வரும் என்று தெரியாது, அடுத்த வாய்தா போட்டிருக்கிறார்கள் என்றான். தண்டனை கிடைக்குமா என்று கேட்டேன். அரசு வக்கீலுக்கே தெரியாதாம். கவுன்சிலர் வெளியே வரும்போது இவனைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போய்விட்டாராம். ஏகாம்பரம் அண்ணன் மட்டும் காலை இழுத்துக்கொண்டு வந்து, ஒரு டீ வாங்கிக் கொடுத்தாராம்.

அவன் டீயை உறிஞ்சும் சத்தம் கேட்டது. வெளியே யாரோ என்னைத் தேடிக் கதவைத் தட்டினார்கள். நான் திறக்கவில்லை.

"அக்கா," என்றான் சேகர், குரலை இறக்கி. "கூண்டுல ஏறுனதுமே கால் ரெண்டும் நடுங்க ஆரம்பிச்சுடுச்சுக்கா. கட்டைய கெட்டியா புடிச்சுக்கினு நின்னேன், அப்பவும் நிக்கல. இத்தினி படம் பாத்துருக்கோமே, ஒருத்தனுக்காச்சும் கால் நடுங்கி பாத்துருக்கியா நீ?"

"இல்லடா," என்றேன். "எப்ப நின்னுச்சு?"

"எங்க நின்னுச்சு? நடுங்கிக்கினேதான்கா சொன்னேன்."